துருகூட ஒரிஜினல்

அத்தியாயம் 9

வாய்தா தன் வலது கையை முழங்கை வரை அந்தப் பழைய பிக்கப் வண்டியின் மட்கார்டுக்குள் விட்டுவிட்டு, முகத்தை மட்டும் முடிந்த அளவு தூரத்தில் வைத்துக்கொண்டிருந்தான். உள்ளே என்னென்னவோ தட்டுப்பட்டது. காய்ந்த எலிப் புழுக்கை, ஏதோ ஒரு பறவையின் எச்சம், தொட்டதும் பொடிந்து உதிரும் குளவிக் கூடு, அதற்கும் மேலே ரோமத்தோடு மெத்தென்று ஒன்று. அந்தக் கடைசிச் சமாசாரம் என்னவாக இருக்கும் என்று யோசிப்பதே இல்லை என்று அவன் தீர்மானித்துக்கொண்டான்.

"என்ன இருக்கு?" என்றார் சர்வேயரம்மா.

"ஒரு குடும்பமே இருந்துட்டுப் போயிருக்கு மேடம். பண்ட பாத்திரத்தை மட்டும் எடுத்துட்டு மிச்சத்தையெல்லாம் நமக்கு விட்டுட்டாங்க."

"விளையாடாதே. நல்லாத் துழாவு."

"என் கைதான் வேணுமா? குச்சி, கம்பி, யாராவது வேண்டாதவங்க கை, எதுவும் ஆகாதா?"

சர்வேயரம்மா நோட்டில் ஒரு பக்கத்தைப் புரட்டினார். இருபத்திரண்டு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நசுங்கிய வண்டிகளைப் பார்த்துப் பார்த்து, பொய் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று வேலையை உதறிவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்பறிகிறவர். ஐம்பத்தைந்து வயது. சிரிக்க வேண்டிய இடத்தில் மூக்கை மட்டும் லேசாகச் சுருக்குவார். அவருக்கு உதவியாளனாக வருவதற்கு முன்பு வாய்தா ஒரு வக்கீலிடம் பதினைந்து வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன். அந்த வக்கீல் எந்த வழக்கிலும் வாய்தா வாங்குவதைத் தவிர வேறொன்றும் செய்யாததால், பெயர் குமாஸ்தாவுக்கு வந்து ஒட்டிக்கொண்டது.

"பார்த்து சார், தட்டி எதையும் எடுத்துடாதீங்க" என்று பின்னாலிருந்து வண்டிக்குச் சொந்தக்காரரான முதலாளியின் குரல் வந்தது. "உள்ள இருக்கிறதெல்லாம் வண்டியோட சேர்த்திதான். நாப்பது வருஷம் ஒரு பண்ணைக் கொட்டகையில கிடந்த வண்டி. நான் கொண்டுவந்து ஏழு மாசம் ஆகுது. இன்னும் ஒரு ஸ்பானர் பட்டதில்ல, இஞ்சினைத் தட்டினதில்ல. இந்த வண்டியில துருகூட ஒரிஜினல்."

சொல்லிவிட்டுத் தன் வாசனைக் கைக்குட்டையால் மூக்கை ஒற்றிக்கொண்டார். துருவின் மேல் அவருக்கு அவ்வளவு பக்தி, ஆனால் கிட்டே வர மாட்டார்.

அந்த நீண்ட தகரக் கொட்டகையில் பதினோரு பழைய பிக்கப் வண்டிகள் வரிசையாக நின்றன. பத்து வண்டிகள் அப்போதுதான் குளித்துவிட்டு வந்த மாதிரி மினுமினுத்தன. சிவப்பு, பச்சை, வெண்ணெய் நிறம், கடைசியில் ஒரு வான நீலம். பதினோராவது மட்டும் தலை முதல் கால் வரை பழுப்பு. பழைய வண்டி சேர்ப்பவர்களிடம் இப்போது இதுதான் புது வெறியாம். பளபளவென்று செய்த வண்டியைவிடக் கை படாமல் உளுத்துப்போன வண்டிக்குத்தான் மவுசு. கடல் தாண்டி இருக்கும் ஒருவர் இதை வாங்கியிருந்தார். வெளியே டிரெய்லர் லாரி ஏற்றுப் பலகையை இறக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தது. பன்னிரண்டு மணிக்கு ஏற்றினால் சாயங்காலம் துறைமுகம். இப்போது மணி பதினொன்று.

அந்த ஒரு மணி நேரத்தில்தான் ஒரு மனிதனின் வாழ்க்கை தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால், விடியற்காலை ஐந்தரை மணிக்கு, மாவு மில் சாலையில் சைக்கிளில் போன ஒரு இளைஞனை ஏதோ ஒரு வண்டி அடித்துத் தள்ளிவிட்டுப் போய்விட்டது. ரொட்டிக் கம்பெனியில் காலை ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தவன். பின்னால் வந்த பால் வண்டி டிரைவர் அவனை வாரித் தூக்கித் தன் வண்டியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். உயிர் வழியிலேயே போய்விட்டது. வண்டியெல்லாம் ரத்தம். அடித்தது நீதான் என்று அவனையே பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். எனக்கு முன்னால் ஒரு பழைய பிக்கப் போனது, பின்னால் நட்டநடுவில் ஒரே ஒரு வட்ட விளக்கு இருந்தது என்று அவன் சொன்னதைக் கேட்டு ஸ்டேஷனில் சிரித்தார்களாம்.

சிரிக்காத ஒரே ஆள் அவனுடைய அக்கா, தையல் கடை வைத்திருப்பவள். அவள்தான் சர்வேயரம்மாவிடம் வந்தாள். நடுவில் ஒற்றை விளக்கு வைத்த பிக்கப் இந்தப் பக்கத்தில் இரண்டே இரண்டுதான், இரண்டும் இந்த முதலாளியுடையவை என்று கண்டுபிடிக்கவே ஒரு வாரம் ஆயிற்று. அதில் சிவப்பு வண்டி அன்றைக்கு வேறு ஊர்க் கண்காட்சியில் மாலையோடு நின்றது. மிச்சம் இந்தப் பழுப்புதான். ஆனால் அதுவோ ஓடாத வண்டி. நாளைக்குக் காலையில் வழக்கு கோர்ட்டுக்கு வருகிறது. பால் வண்டிக்காரனுக்காகப் பேசக்கூடிய ஒரே சாட்சி இன்றைக்குக் கப்பல் ஏறுகிறது.

அதனால்தான் இருவரும் கப்பல் இன்சூரன்ஸுக்காக வண்டியைப் பார்வையிட வந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டு உள்ளே நுழைந்திருந்தார்கள். சொன்ன காரணம் மட்டும்தான் பொய். மற்றபடி சர்வேயரம்மா பார்வையிடத்தான் வந்திருந்தார்.

"இடது பக்கம் முடிஞ்சுது மேடம்" என்று வாய்தா கையை உருவினான். அதைத் தன்னுடைய கை என்று ஒப்புக்கொள்ளவே அவனுக்குக் கூச்சமாக இருந்தது. விரல் இடுக்கிலெல்லாம் பழுப்புப் பிசுபிசுப்பு.

"வலது பக்கம்."

"அது இதோட தங்கச்சிதானே மேடம். இங்க இருக்கிறதுதான் அங்கயும் இருக்கும்."

"வலது பக்கம்."

பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றிப் போய் வலது மட்கார்டுக்குள் கையை விட்டான். மேலே, கீழே, மூலையில் எல்லாம் தடவினான். முகம் மலர்ந்தது.

"இந்தப் பக்கம் நல்ல குடும்பம் மேடம். சுத்தமா இருக்கு. வெறும் துருதான். ஒரு பூச்சி இல்ல, பொட்டு இல்ல. இதை முன்னாடியே சொல்லியிருந்தா இங்கேர்ந்தே ஆரம்பிச்சிருப்பேன்."

சர்வேயரம்மாவின் மூக்கு ஒரு கணம் சுருங்கியது. ஒன்றும் சொல்லாமல் நோட்டில் எதையோ எழுதினார். அவர் அப்படி எழுதினால் அர்த்தம் உண்டு என்று வாய்தாவுக்குத் தெரியும். இப்போது கேட்டால் கிடைக்காது என்றும் தெரியும்.

"கையைத் தொடைக்க ஏதாவது கிடைக்குமா?" என்று அவன் குரல் கொடுத்தான்.

கொட்டகையின் மூலையிலிருந்து டிங்கர் மாஸ்டர் எழுந்து வந்தார். மெலிந்த, சுத்தமான மனிதர். அறுபதைத் தொட்டிருப்பார். சட்டைப் பையில் பேனா வைக்கும் இடத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர். அந்தப் பத்து வண்டிகளையும் உளுத்த தகரத்திலிருந்து பொம்மை மாதிரி ஆக்கியது அவர்தான். தகர டப்பாவிலிருந்து ஒரு பழந்துணியை எடுத்து நீட்டினார். நீலக் கட்டம் போட்ட சட்டையிலிருந்து கிழித்த துண்டு. பாக்கெட் அப்படியே இருந்தது.

"பாக்கெட்டோட குடுக்கறீங்களே மாஸ்டர். உள்ள ஏதாவது இருந்தா எனக்கா, உங்களுக்கா?"

மாஸ்டர் சிரிக்கவில்லை. பார்வையைத் திருப்பிக்கொண்டு பச்சை வண்டியின் பானெட்டில் இல்லாத ஒரு தூசியைத் தட்டினார்.

"மாஸ்டர் கைவண்ணத்தைப் பார்த்தீங்களா?" என்றார் முதலாளி பெருமையாக. "எந்த வண்டியில வேணும்னாலும் பாருங்க. ஸ்க்ரூ ஒவ்வொண்ணும் அட்டென்ஷன்ல நிக்கும். தலையில இருக்கிற வெட்டு எல்லாம் மேலேர்ந்து கீழ, ஒரே கோடு. ஒண்ணு கோணலா இருந்தா மனுஷனுக்குச் சோறு இறங்காது."

வாய்தா பார்த்தான். உண்மைதான். ஹெட்லைட் வளையம், கதவு, நம்பர் பிளேட், எங்கே பார்த்தாலும் ஸ்க்ரூக்கள் அணிவகுத்து நின்றன. இதில் ரசிக்க என்ன இருக்கிறது என்று அவனுக்குப் புரியவில்லை. அவன் வீட்டில் ஸ்க்ரூ என்று ஒன்று இருந்தாலே பெரிய விஷயம்.

"இந்தப் பழுப்பு வண்டியில உங்க வேலை எதுவும் இல்லையா மாஸ்டர்?" என்றார் சர்வேயரம்மா.

"நான் இதைத் தொட்டதே இல்லம்மா" என்றார் மாஸ்டர். "தொட்டா விலை போயிடும்."

பதினொன்றே முக்கால். கொட்டகை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கையில் சாப்பாட்டுக் கேரியர். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும், ஆனால் நடை மட்டும் நெடுநாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தவள் நடை. மாஸ்டருடைய மகளாம். தினமும் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவருபவள். வாய்தா வெயிலில் நின்று கையைத் தேய்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, கேட்காமலே ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே அவன் தோளில் கிடந்த துணியைப் பார்த்தாள்.

"அது எங்க வீட்டுக்காரர் சட்டை" என்றாள்.

வாய்தா அவசரமாகத் துணியைத் தோளிலிருந்து எடுக்கப் போனான். "மன்னிச்சுக்கம்மா. மாஸ்டர்தான் குடுத்தார்."

"பரவால்ல அண்ணா. நான் குடுத்ததுதான். அவர் தவறின மறு வாரமே அப்பா கேட்டார், பழைய துணி இருந்தா குடு, பட்டறைக்கு ஆகும்னு. பெட்டியில பூட்டி வச்சு நான் என்ன பண்ணப்போறேன்? ரெண்டு கைக்கு உதவட்டும்னு எடுத்துக் குடுத்தேன்."

"என்ன ஆச்சு அவருக்கு?"

"சைக்கிள்ல வேலைக்குப் போனவர். மாவு மில் ரோட்டுல ஒரு பால் வண்டிக்காரன் அடிச்சுட்டான்."

தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. வாய்தா கையைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டான்.

"முதலாளி தங்கமானவர் அண்ணா" என்று அவள் தொடர்ந்தாள். "எங்க கஷ்டத்தைப் பார்த்துட்டு, அதோ அந்த நீல வண்டியை அப்பா பேருக்கே எழுதிக் குடுத்துட்டார். அவர் போயி பத்து நாள்கூட ஆகல. அப்பாவுக்கு அந்த வண்டி மேல இருபது வருஷ ஆசை. அது வந்தப்புறம்தான் மனுஷன் கொஞ்சம் சாப்பிடவே ஆரம்பிச்சார்."

வாய்தா சர்வேயரம்மாவைத் தேடி ஓடினான். அவர் பழுப்பு வண்டிக்கு முன்னால் குனிந்து, அதன் இரண்டு கண்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினான்.

"செத்தவனோட மாமனார் இங்கயேதான் வேலை செய்யறார் மேடம். முதலாளி அடிச்சுக் கொன்னுட்டு, குத்த உணர்ச்சியில வண்டியைத் தூக்கிக் குடுத்திருக்கார். அந்த மனுஷனும் விஷயம் தெரியாம வாங்கிக் கும்பிட்டிருக்கார். பாவம் மேடம். நினைச்சாலே குமட்டுது."

"குமட்டலைக் கொஞ்சம் மிச்சம் வை" என்றார் சர்வேயரம்மா. "தேவைப்படும். முதல்ல இதைச் சொல்லு. நாப்பது வருஷம் ஒரே கொட்டகையில நின்ன வண்டி. இடது பக்கம் குடியிருந்த குளவிக்கும் எலிக்கும் வலது பக்கம் வர வழி தெரியலையா?"

வாய்தா வலது மட்கார்டைத் திரும்பிப் பார்த்தான். "அப்போ அந்தப் பக்கம் துரு..."

"புதுசு. யாரோ நசுங்கலை நிமிர்த்தி, பட்டி பார்த்து, பெயின்ட்டுக்குப் பதிலா துருவை அடிச்சிருக்காங்க. இவ்வளவு பிரமாதமாப் பூசி மெழுகத் தெரிஞ்ச ஆள் யாருன்னு தெரியணும். முதலாளியா? அவருக்குக் கைக்குட்டை பிடிக்கவே ரெண்டு கை வேணும். சும்மா கேட்டா ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. நீ ஒரு வேலை செய். வண்டியைப் பார்க்காதே, ஆளைப் பார்க்காதே. வலது ஹெட்லைட்ல மேல இருக்கிற அந்த ஒரு ஸ்க்ரூவை மட்டும் பார்த்துக்கிட்டு நில்லு."

பிறகு குரலை உயர்த்தி, "முதலாளி, ஒரு ஸ்க்ரூ டிரைவர் குடுங்க. விளக்கு ஆடுதான்னு பார்த்துடறேன். கப்பல்ல கழண்டு விழுந்தா என் தலைதான் உருளும்" என்றார். வாங்கி, வலது ஹெட்லைட் வளையத்தின் மேல் ஸ்க்ரூவைக் கால் திருப்பு திருப்பினார். அசைத்துப் பார்ப்பது போல் பாவனை செய்தார். அப்படியே விட்டுவிட்டு, "சரி, ஏத்தலாம். காகிதத்துல கையெழுத்துப் போட்டுடலாம் வாங்க" என்று முதலாளியைப் பச்சை வண்டிப் பக்கம் அழைத்துக்கொண்டு போனார்.

லாரி டிரைவரும் கிளீனரும் சங்கிலியை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். மகள் ஒரு ஸ்டூலில் சாப்பாட்டைப் பிரித்து வைத்தாள். மாஸ்டர் கை கழுவிவிட்டு வந்தார். வரும் வழியில் பழுப்பு வண்டியைத் தாண்டினார். நான்கு அடி போனார். நின்றார். திரும்பிப் பார்த்தார். மறுபடியும் இரண்டு அடி சாப்பாட்டை நோக்கி நடந்தார்.

முடியவில்லை. ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார். பையிலிருந்து சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, அந்த ஒரு ஸ்க்ரூவைக் கால் திருப்பு திருப்பினார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். இன்னும் ஒரு மயிரிழை திருப்பினார். முகத்தில் ஒரு நிம்மதி படர்ந்தது.

வாய்தா சர்வேயரம்மாவின் பக்கம் திரும்பித் தலையசைத்தான்.

"மாஸ்டர்" என்று சர்வேயரம்மா அங்கிருந்தே கூப்பிட்டார். "என்ன பண்ணீங்க?"

"கோணலா விட்டுட்டீங்கம்மா. நேரா வச்சேன்."

"இடது பக்க ஹெட்லைட்ல நாலு ஸ்க்ரூவும் நாலு திசையில நிக்குதே. இத்தனை நாள் கண்ணுல படலையா? அதை ஏன் திருப்பல?"

"அது கம்பெனிக்காரன் போட்டதும்மா" என்றார் மாஸ்டர் சாதாரணமாக. "என் வேலை இல்ல."

சொன்ன பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்தது. ஸ்க்ரூ டிரைவர் பிடித்த கை அப்படியே நின்றது. லாரிக்காரர்கள்கூடச் சங்கிலியைக் கீழே வைத்துவிட்டார்கள். வலது விளக்கில் நான்கு ஸ்க்ரூக்களும் துருப்பிடித்த தலைகளோடு ஒரே கோட்டில் நின்றன. கவனமாகத் துருவேற்றத் தெரிந்த கைக்கு அவற்றைக் கோணலாக வைக்க மட்டும் மனம் வரவில்லை.

"அப்பா" என்றாள் மகள். "இந்த வண்டியைத் தொட்டதே இல்லன்னு சொன்னீங்களே."

"மாஸ்டர், நீங்க போய்ச் சாப்பிடுங்க" என்றார் முதலாளி அவசரமாக. அவர் கைக்குட்டை கீழே விழுந்திருந்தது.

சர்வேயரம்மா மெதுவாக நடந்து வந்து வலது மட்கார்டைத் தடவிக் கொடுத்தார். "நான் இருபத்திரண்டு வருஷம் வண்டி பார்த்தவ மாஸ்டர். இப்படி ஒரு துருவை நான் பார்த்ததில்ல. இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் பக்கத்துல வச்சா பெத்த தாய்க்கே வித்தியாசம் தெரியாது. இதைச் செய்ய எத்தனை நாள் ஆச்சு?"

வாய்தா பத்து வருஷமாக அவருடன் இருக்கிறான். அவர் யாரையும் புகழ்ந்து கேட்டதில்லை. இப்போது கேட்டபோது, இந்தப் பொறியில் எந்த மனிதனும் விழ மாட்டான் என்று நினைத்தான். தன் மகள் எதிரில் நிற்கும்போது விழ மாட்டான்.

"பத்தொம்பது நாள்" என்றார் மாஸ்டர். குரலில் வெட்கத்தோடு ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. "சாதாரணமா உப்புத் தண்ணி அடிச்சா மஞ்சளாத் திரும்பும்மா. இந்தப் பழுப்பு வராது. நான் ஏழு தடவை அடிச்சு, வெயில்ல வச்சு, ஏழு தடவையும் தேச்சு எடுத்தேன். பழைய டப்பாத் துருவைச் சுரண்டிப் பொடி பண்ணி மேல தூவினேன். அந்த ஓரம் பாருங்க, அங்க மட்டும் கொஞ்சம் கறுப்பா விட்டேன். மழைத் தண்ணி வழியற இடம் அப்படித்தான் இருக்கும்."

"மாஸ்டர், வாயை மூடுய்யா" என்று முதலாளி கத்தினார்.

"நசுங்கினது எதனால?" என்றார் சர்வேயரம்மா. அந்தக் குரலில் இப்போது புகழ்ச்சி இல்லை.

மாஸ்டர் தரையைப் பார்த்தார்.

"முதலாளிக்கு ஒரு தடவையாவது ஓட்டிப் பார்க்கணும்னு ஆசை. நான்தான் வெளியில தெரியாம இஞ்சினைச் சரி பண்ணி, பெட்ரோல் ஊத்தி ஸ்டார்ட் பண்ணிக் குடுத்தேன். பிரேக் பிடிக்காதுன்னும் சொன்னேன். விடியக்காலையில ரோடு காலியா இருக்கும்னு எடுத்துட்டுப் போனார். ஆறு மணிக்குத் திரும்பி வந்து, நாய் குறுக்க வந்துடுச்சு, உடனே சரி பண்ணணும்னார். ஹெட்லைட் வளையத்தைக் கழட்டிக் கையில வச்சிருந்தேன். எட்டு மணிக்கு வீட்லேர்ந்து ஆள் வந்து மாப்பிள்ளை போயிட்டார்னான்."

"அப்பவே தெரிஞ்சுதா?"

"வளையத்துல சைக்கிள் பெயின்ட் ஒட்டியிருந்தது."

கொட்டகையின் தகரம் வெயிலில் படக்கென்று ஒரு சத்தம் எழுப்பியது.

"தெரிஞ்சுமா செஞ்சீங்க?" என்றான் வாய்தா. அவன் கேட்பதாக இல்லை. தானாக வந்துவிட்டது.

"நான் சொன்னா மட்டும் போனவன் திரும்பி வரப்போறானா?" என்றார் மாஸ்டர். யாரிடமோ நியாயம் கேட்பது போல் சுற்றிப் பார்த்தார். "வண்டி போயிடும், வேலை போயிடும், இந்த வயசுல எவன் எனக்கு வேலை குடுப்பான்? முதலாளி நல்லவர். சத்தம் போடாம அந்த நீல வண்டியை எழுதிக் குடுத்தார். இருபது வருஷத்துல மூணு தடவை பிரிச்சுப் பூட்டின வண்டி. அது யாருக்கு? நாளைக்கு என் பொண்ணுக்குத்தானே?"

முதலில் வண்டி, அப்புறம் வேலை, கடைசியில் பெண். அந்த வரிசையை வாய்தா கவனித்தான். இத்தனை நேரம் மட்கார்டுக்குள் துழாவியதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது. எலி எலியாக இருந்தது, குளவி குளவியாக இருந்தது. இந்தச் சுத்தமான, மெலிந்த மனிதர்தான் நாற்றமடித்தார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் இவருக்காகப் பாவம் என்று சொன்னதை நினைத்து அவனுக்குத் தன் நாக்கின் மேலேயே அசிங்கமாக இருந்தது.

மகள் மெதுவாக வந்து, வாய்தாவின் தோளில் கிடந்த கட்டம் போட்ட துணியை எடுத்தாள்.

"ஏழு தடவை தேச்சேன்னீங்களே" என்றாள். "இதை வச்சா தேச்சீங்க?"

மாஸ்டர் பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். கடைசியாக ஒரு நல்ல காரியமாவது செய்திருக்கலாம்.

"துணி துணிதானேம்மா" என்றார்.

அவள் அழவில்லை. துணியைப் பாக்கெட் வெளியே தெரியும்படி நான்காக மடித்தாள். ஸ்டூலில் பிரித்து வைத்த சாப்பாட்டை மூடி, கேரியரைப் பூட்டி எடுத்துக்கொண்டாள். வெளியே போய், லாரியின் ஏற்றுப் பலகையின் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். உச்சி வெயில் நேராக அவள் தலையில் இறங்கியது.

"எழுந்திரும்மா, வண்டி ஏத்தணும்" என்றார் முதலாளி. அவருக்கு இன்னும் பன்னிரண்டு மணிதான் குறி. "நாம பேசித் தீர்த்துக்கலாம். டிரைவர், ஏன்யா நின்னுட்டு இருக்க?"

"ஏத்துங்க" என்றாள் அவள். "அவர் மேல ஏத்தின மாதிரியே என் மேலயும் ஏத்திட்டு அப்புறம் லாரியில ஏத்துங்க."

லாரி டிரைவர் சங்கிலியைச் சுருட்டி ஓரமாக எறிந்தான். கிளீனரிடம் கண்ணைக் காட்ட, அவன் போய் இஞ்சினை அணைத்துவிட்டு வந்தான். கூலியைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை எடுக்கவில்லை. அந்த இருவரும் போய் அவளுக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டார்கள்.

சர்வேயரம்மா இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தார். ஒரே வாக்கியம்தான் சொன்னார். நடுவில் ஒற்றை விளக்கு வைத்த வண்டி கிடைத்துவிட்டது, சிரித்தவர்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். வாய்தா தையல்கார அக்காவுக்குப் போன் செய்தான். மூன்று வாரமாக அவளிடம் சொல்வதற்கென்றே ஒரு வேடிக்கையான வார்த்தை தயாரித்து வைத்திருந்தான். அது வாயில் வரவில்லை. "தம்பி வந்துடுவான்க்கா" என்று மட்டும் சொன்னான். அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

பிறகு அவன் குமாஸ்தாவாக மாறி, பச்சை வண்டியின் பானெட்டில் காகிதத்தை விரித்து, மாஸ்டர் சொன்னதைச் சொன்னபடியே எழுதினான். பெட்ரோல், பிரேக், வளையம், பெயின்ட், பத்தொன்பது நாள், ஏழு தடவை. முதலாளி ஒரு ஓரத்தில் உட்கார்ந்து தன் வக்கீலுக்கு விடாமல் போன் போட்டுக்கொண்டிருந்தார். எழுதியதைப் படித்துக் காட்டியதும் மாஸ்டர் காகிதத்தை இழுத்து, பானெட்டின் விளிம்போடு ஒட்டி நேராக வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அழகான கையெழுத்து.

"ஒரே ஒரு உதவி தம்பி" என்றார் பேனாவைத் திருப்பி நீட்டியபடி.

வாய்தா வெளியே பார்த்தான். ஏற்றுப் பலகையில் அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நெற்றியிலிருந்து வியர்வை வழிந்துகொண்டிருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. மடியில் துணி, பக்கத்தில் கேரியர். அவளை நிழலில் வந்து உட்காரச் சொல்லுங்கள் என்று கேட்கப்போகிறார் என்று நினைத்தான். அப்படிக் கேட்டால் இந்த மனிதரை ஒரு துளியாவது மன்னித்துவிடலாம் என்றும் நினைத்தான்.

"சொல்லுங்க."

"போலீஸ்காரங்க வண்டிகளையெல்லாம் எடுத்துட்டுப் போய் ஸ்டேஷன் வாசல்ல போட்டுடுவாங்க" என்றார் மாஸ்டர். "அந்த நீல வண்டியை மட்டும் வெயில்ல நிறுத்த வேண்டாம்னு சொல்லுங்க. கலர் போயிடும்."

பேனாவை வாய்தா வாங்கவில்லை. குழாயடிக்குப் போனான். கை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. இருந்தாலும் சோப்பு தேயத் தேயக் கழுவிக்கொண்டே இருந்தான்.